உருகும் இரும்பும் பொருந்தும் பொறியும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

நூலைப் பின்னி ஆடையாக்கும் ஊர் திருப்பூர். அந்நூலைப் பின்னும் பொறியை ஆக்குவது எது? உருக்கி வார்த்த இரும்பும், கடைந்து எடுத்த எஃகும், மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியும் ஆகும். கொங்கு மண்ணின் ஆடைத்தொழிலுக்கும் வேளாண்மைக்கும் அடித்தளமாக விளங்கும் வார்ப்பு, கடைசல், பொருத்தம் ஆகிய மூன்று கலைகளையும் இப்பாடம் விளக்குகிறது.

துணிக்குப் பின்னால் ஒரு பொறி

திருப்பூரில் 1925ஆம் ஆண்டு குலாம் காதர் என்பவர் தொடங்கிய ‘பேபி நிட்டிங்’ என்னும் சிறு ஆலையே இவ்வூரின் பின்னலாடைத் தொழிலுக்குத் தொடக்கம் எனக் கூறுவர். இன்று உலக நாடுகள் பலவற்றிற்கும் ஆடை அனுப்பும் நகராகத் திருப்பூர் வளர்ந்துள்ளது. பனியன் துணியின் மென்மையை நாம் கையால் உணர்கிறோம். அம்மென்மைக்குப் பின்னால் இருக்கும் கடினமான உலோகத்தின் ஒழுங்கை நாம் காண்பதில்லை.

30 அங்குல விட்டமுள்ள ஒரு வட்டப் பின்னல் பொறியை எண்ணிப் பார்ப்போம். அதன் உருளையில் ஓர் அங்குலத்திற்கு 24 ஊசிகள் உள்ளன எனக் கொள்வோம். விட்டத்தை 3.14ஆல் பெருக்கினால் உருளையின் சுற்றளவு ஏறத்தாழ 94 அங்குலம். எனவே, அவ்வுருளையில் நிற்கும் ஊசிகள் ஏறத்தாழ 2,260. அடுத்தடுத்த இரண்டு ஊசிகளின் நடுக்கோடுகளுக்கு இடைப்பட்ட தொலைவு 1 மில்லிமீட்டரைச் சற்றே கடக்கும். பொறியில் 90 இடங்களில் நூல் ஊட்டப்படுகிறது. உருளை நிமிடத்திற்கு 25 முறை சுழல்கிறது எனில், ஒவ்வோர் ஊசியும் ஒரு நிமிடத்தில் 2,250 முறை ஏறி இறங்கும். அதாவது, ஒரு நொடிக்கு 37 முறைக்கும் மேல்!

ஊசி ஏறி இறங்கும் காடி சிறிது அகன்றுவிட்டால் ஊசி ஆடும், கண்ணி சீர்கெடும், துணியில் நெடுக்கே ஒரு கோடு விழும். காடி சிறிது குறுகிவிட்டால் ஊசி சூடேறித் தேயும், முறியும். அகலமும் கூடாது, குறுக்கமும் கூடாது என்னும் இந்நிலையையே பொறியியலார் ‘பொருத்தம்’ என்பர். ஆடை பெறுவோர் துணியில் விழுந்த கோட்டை மட்டுமே காண்பர். அக்கோட்டின் பிறப்பிடம் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கில் நேர்ந்த பிழையாக இருத்தல் கூடும்.

நொய்யற்கரையின் உலைகள்

கொங்கு மண்ணுக்கு உலோகம் புதியதன்று. நொய்யல் ஆற்றின் வடகரையில் அமைந்த கொடுமணல் இதற்குச் சான்று பகரும். பதிற்றுப்பத்துக் குறிப்பிடும் கொடுமணம் இவ்வூரே என அறிஞர் கருதுவர். இங்கு 1980களில் தொடங்கிப் பல கட்டங்களாக நடந்த அகழாய்வுகளில் மணிக்கற்களும் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. அவற்றோடு, இரும்புத்தாதுவைச் சூடேற்றி இரும்பைப் பிரித்த உலைகளின் எச்சங்களும், ‘குகை’ எனப்படும் சுடுமண் கலங்களை வைத்து உலோகத்தைக் காய்ச்சிய உலையின் எச்சங்களும் வெளிப்பட்டன.

இத்தொழிலின் தொன்மையை நம் மொழியே காத்து வைத்துள்ளது. உலைக்களம், துருத்தி, குகை, கொல்லன், கம்மியர் என்னும் சொற்கள் எல்லாம் உலோகத் தொழிலோடு பிறந்து வளர்ந்தவை. உருக்கிப் பெறப்பட்டதால் ‘உருக்கு’ என்றே ஓர் உலோகத்திற்குப் பெயரிட்டனர் நம் முன்னோர். தென்னிந்தியாவிலிருந்து சென்ற உருக்கை மேலைநாட்டார் ‘ஊட்ஸ்’ என அழைத்தனர். திருப்பூரை ஒட்டிய அனுப்பர்பாளையத்தில் செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் செய்யும் ஒலி இன்றும் கேட்கிறது. நூலுக்குப் பெயர்பெற்ற நிலத்தில் உலோகமும் உடன்வளர்ந்தது என்பதை இவை உணர்த்துகின்றன.

ஆலையும் கிணறும் வளர்த்த தொழில்

தற்கால வார்ப்புத் தொழில் இப்பகுதியில் வேரூன்றியமைக்கு இரண்டு தேவைகள் காரணமாயின. முதலாவது, நூற்பாலை. 1888இல் இராபர்ட் ஸ்டேன்ஸ் கோயம்புத்தூரில் நூற்பாலையை நிறுவினார். ஆலைப் பொறிகள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. ஓர் உறுப்பு உடைந்தால் அதற்காக மாதக்கணக்கில் ஆலையை நிறுத்திவைத்தல் இயலாது. அவ்வுறுப்பைப் பார்த்து, அதுபோல் ஒன்றை இங்கேயே வார்த்துக் கடைய வேண்டியிருந்தது. பழுது நீக்கப் புகுந்த பட்டறைகளே பின்னர்ப் பொறி படைக்கும் சாலைகளாயின.

இரண்டாவது, கிணறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் உள்ள இந்நிலத்தில் உழவர் ஆழக்கிணறுகளையே நம்பினர். மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணறுகளுக்கு மின்சாரம் புதுவழி காட்டியது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் ஆலைகளும் பெருகின. நீரேற்றும் பொறிகளுக்கான தேவையும் பெருகியது. 1937இல் மின்னோடி கோயம்புத்தூரிலேயே உருவாக்கப்பட்டது. அம்முயற்சியோடு ஜி.டி. நாயுடு, பாலசுந்தரம் ஆகியோரின் பெயர்கள் இணைத்துப் பேசப்படுகின்றன.

தொழிலைக் கற்பிக்கும் நிறுவனங்களும் உடன் எழுந்தன. பி.எஸ்.ஜி. அறநிலையம் 1926இல் தோன்றியது. தொழிற்பயிற்சியை அது தன் கடமைகளுள் ஒன்றாகக் கொண்டது. ஜி.டி. நாயுடுவின் கொடையால் 1945இல் தோன்றிய கல்லூரி இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. 1962இல் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் நூற்பாலைப் பொறிகளை இந்நாட்டிலேயே படைத்தது. அயலார் செய்த பொறியைப் பழுதுபார்த்த கைகள், தாமே பொறி செய்யும் கைகளாக மாறின.

வார்ப்பு: வெறுமைக்கு வடிவம் தருதல்

திண்மையான பொருளைச் செதுக்கி வடிவம் பெறுவது ஒரு முறை. முதலில் வெற்றிடத்திற்கு வடிவம் கொடுத்து, அவ்வெற்றிடத்தை உருகிய உலோகத்தால் நிரப்புவது மற்றொரு முறை. இரண்டாவது முறையே வார்ப்பு. கிணற்றில் நீரேற்றும் பம்பின் உறையை எவ்வாறு வார்க்கின்றனர் எனக் காண்போம்.

முதலில் மரத்தாலோ உலோகத்தாலோ அவ்வுறையின் படிவம் செய்யப்படும். பட்டறை வழக்கில் இதனைப் ‘பேட்டர்ன்’ என்பர். படிவம், வேண்டிய பொருளின் அளவினதாகவே இருத்தல் போதாது. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். சாம்பல்நிற வார்ப்பிரும்பு நீளத்தில் ஏறத்தாழ 1 விழுக்காடு சுருங்கும். எஃகு ஏறத்தாழ 2 விழுக்காடு சுருங்கும். அன்றியும், வார்த்த பொருளின் கரடான மேற்பரப்பைக் கடைந்து நீக்கவும் சிறிது மிகைப்பொருள் வேண்டும்.

ஒரு கணக்கைக் காண்போம். முடிவில் 300 மி.மீ. நீளமுள்ள வார்ப்பிரும்பு உறுப்பு வேண்டும். இரு முனைகளிலும் 3 மி.மீ. வீதம் கடைய வேண்டுமெனில் வார்ப்பின் நீளம் 306 மி.மீ. ஆக வேண்டும். சுருக்கத்திற்கு 1 விழுக்காடு சேர்த்தால் படிவத்தின் நீளம் ஏறத்தாழ 309 மி.மீ. இதனை ஒவ்வொரு முறையும் கணக்கிடாமல் இருக்கும்பொருட்டு, சுருக்கத்தின் அளவு முன்னரே கூட்டிப் பொறிக்கப்பட்ட தனி அளவுகோலைப் படிவம் செய்யும் தச்சர் கையாள்வர். மெய்யான அளவைப் பெறுவதற்கு, வேண்டுமென்றே ‘பிழையாக’ அளக்கும் கோல் அது.

அடுத்தது அச்சு. மேற்பெட்டி, கீழ்ப்பெட்டி என்னும் இரண்டு சட்டங்களுக்குள் படிவத்தை வைத்துச் சுற்றிலும் மணலை இடித்து நிரப்புவர். சிலிக்கா மணலோடு பெண்டோனைட் என்னும் களிமண்ணும் சிறிதளவு நீரும் கலந்திருக்கும். மணலுக்கு இரண்டு பண்புகள் தேவை. படிவத்தை எடுத்தபின் சரிந்துவிடாமல் நிற்கும் உறுதி ஒன்று. உருகிய இரும்பு பாயும்போது எழும் ஆவியையும் காற்றையும் வெளியேற விடும் நுண்துளைமை மற்றொன்று. மிகுதியாக இடித்தால் உறுதி கூடும். ஆனால், ஆவி வெளியேற இடமிராது. குறைவாக இடித்தால் ஆவி வெளியேறும். ஆனால், சுவர் சரியும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையைக் கைப்பழக்கம் உடையோர் மணலைப் பிடியாகப் பிடித்து முறித்துப் பார்த்தே உணர்வர். ஆய்வுக்கருவிகளைக் கொண்டு அளந்தறியும் முறையும் இன்று பரவியுள்ளது.

படிவத்தை மேலே எடுக்கும்போது மணற்சுவர் உதிராதிருக்க, அதன் பக்கங்களுக்குச் சிறு சாய்வு தரப்பட்டிருக்கும். பம்பின் உறை உள்ளே குடைவாக இருக்க வேண்டும். ஆதலால், அக்குடைவின் வடிவில் மணலால் ஓர் உட்கருவைச் செய்து அச்சின் நடுவே வைப்பர். ‘கோர்’ எனப்படுவது இதுவே. இரும்பு அதனைச் சூழ்ந்து உறையும். பின்னர் மணலை உதிர்த்துவிட்டால் உட்குடைவு மட்டும் எஞ்சும்.

வார்ப்பிரும்பு உருகுவது ஏறத்தாழ 1,200 பாகை செல்சியசில் என்றாலும், அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடிப் பரவுவதற்காக ஏறத்தாழ 1,350 முதல் 1,400 பாகை வரை சூடேற்றி வார்ப்பர். பழைய வார்ப்பகங்களில் கல்கரி எரிக்கும் குப்போலா உலைகள் இருந்தன. இன்று மின்தூண்டல் உலைகள் மிகுந்துள்ளன. சூடு குறைந்தால், இரு திசைகளிலிருந்து வரும் இரும்பு ஒன்றோடொன்று கலவாமல் உறைந்துவிடும். அங்கே மயிர்க்கோடு போன்ற பிளவு நிற்கும். சூடு மிகுந்தால் மணல் உருகி வார்ப்பின்மேல் ஒட்டும்.

உறையும்போது தடித்த பகுதி இறுதியில் உறையும். அது சுருங்குங்கால் அதற்கு ஊட்டுவதற்கு அருகில் உருகிய இரும்பு இருத்தல் வேண்டும். இல்லையேல் அதன் நடுவே பொந்து விழும். இதற்காகவே ‘ரைசர்’ என்னும் கூடுதல் குழியில் இரும்பை நிறைத்து வைப்பர். தான் பொந்தாகி வார்ப்பைக் காப்பது அதன் பணி. பணி முடிந்தபின் அது வெட்டி நீக்கப்பட்டு மீண்டும் உலைக்கே செல்லும்.

வார்ப்பின் குறைகளுள் கொடியது, தோலுக்குக் கீழ் மறைந்திருக்கும் காற்றுப்பொந்து. வெளியே பார்க்க வார்ப்பு பழுதற்றதாகத் தோன்றும். கடைசலுக்குச் சென்று, பல மணிநேர உழைப்புச் செலவான பின்னரே பொந்து கண்திறக்கும். அப்போது இரும்பின் விலையோடு கடைசற்கூலியும் வீணாகும். ஆகவேதான், மணலின் ஈரத்தைக் காக்கும் எளிய பணியும் முழுத்தொழிலின் ஊதியத்தைக் காக்கும் பணியாகிறது.

தெரிந்து தெளிவோம்

கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் ஐம்பொன் படிமங்கள் மெழுகுவார்ப்பு முறையில் செய்யப்படுகின்றன. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவத்தைச் செய்து, அதன்மேல் காவிரியின் வண்டல்மண்ணைப் பூசி உலர்த்திச் சூடேற்றுவர். மெழுகு உருகி வெளியேற, அவ்வெற்றிடத்தில் உலோகக் குழம்பை வார்ப்பர். ஆறியபின் மண்ணை உடைத்துப் படிமத்தை எடுப்பர். ஓர் அச்சுக்கு ஒரு படிமமே. ஒன்றைப்போல் மற்றொன்று அமையாமை இக்கலையின் பெருமை. ஆயிரம் உறுப்புகளும் ஒன்றுபோல் அமைதல் பொறித்தொழிலின் பெருமை.

கடைசல்: மிகையை நீக்குதல்

வார்ப்பு வடிவத்தைத் தரும். அளவைத் தருவது கடைசல். மணல் அச்சில் பிறந்த உறுப்பு சில மில்லிமீட்டர் கூடியும் குறைந்தும் இருக்கலாம். பொறியுறுப்பு ஒன்றோடொன்று சேரும் இடங்களிலோ மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கும் பொருட்டாகும்.

வார்த்தவுடன் கடையத் தொடங்குவதும் தவறாகலாம். தடித்த பகுதியும் மெல்லிய பகுதியும் வெவ்வேறு விரைவில் ஆறுவதால் வார்ப்பின் உள்ளே இறுக்கம் தங்கிவிடும். கடைந்து மேற்றோலை நீக்கியவுடன் அவ்விறுக்கம் விடுபட்டு உறுப்பு சற்றே நெளியும். பெரிய பொறிகளின் படுகைகளை வார்த்தபின் வெயிலிலும் மழையிலும் பல மாதங்கள் கிடத்திப் பதப்படுத்துவது பழைய வழக்கம். உலையில் சூடேற்றி மெல்ல ஆறவிட்டு, சில மணிநேரத்திலேயே அப்பயனைப் பெறுவது இன்றைய வழக்கம்.

லேத் எனப்படும் கடைசல் எந்திரத்தில் பொருள் சுழலும், வெட்டுளி நகரும். துளையிடும் எந்திரத்தில் உளி சுழலும், பொருள் நிற்கும். பம்பின் உறையில் தாங்கி அமரும் துளையை விரித்துக் கடைவர். தண்டை உருளையாகக் கடைந்து, பின்னர்ச் சாணைச் சக்கரத்தால் தேய்த்து மெருகேற்றுவர். வார்ப்பிரும்பில் உள்ள கரிமம் மெல்லிய கிராபைட் தகடுகளாகப் பரந்திருப்பதால் அது கடைவதற்கு எளிது. அதிர்வையும் அது தன்னுள் அடக்கிக்கொள்ளும். எந்திரங்களின் அடித்தளங்களையும் படுகைகளையும் வார்ப்பிரும்பால் செய்வதற்கு இதுவே காரணம்.

கடைசலின் நுண்மை உலக வரலாற்றையே மாற்றியதுண்டு. ஜேம்ஸ் வாட் நீராவிப் பொறியைத் திருத்தியமைத்தபோது, உருளைக்கும் அதனுள் இயங்கும் உந்துதண்டுக்கும் இடையே நீராவி கசிந்துகொண்டே இருந்தது. 1770களின் நடுவில் ஜான் வில்கின்சன் அமைத்த துளைகடையும் எந்திரம் பெரிய உருளையையும் சீரான வட்டமாகக் கடைந்தது. அதன்பின்னரே வாட்டின் பொறி தொழிலுலகில் வெற்றி கண்டது. அறிஞரின் கருத்து, கடைசற்காரரின் கைத்திறனுக்காகக் காத்திருந்தது எனலாம்.

பொருத்தம்: இடைவெளியின் இலக்கணம்

25 மி.மீ. துளையில் 25 மி.மீ. தண்டு நுழையுமா? கணக்கில் நுழையும், பட்டறையில் இவ்வினாவிற்கு விடையில்லை. ஏனெனில், மிகச் சரியாக 25 மி.மீ. அளவில் எதனையும் எவராலும் செய்ய இயலாது. எவ்வளவு திறமையாகக் கடைந்தாலும் சிறு வேறுபாடு இருந்தே தீரும். ஆகவே, ‘வேறுபாடு கூடாது’ எனப் பொறியியல் கூறுவதில்லை. ‘இவ்வளவு வேறுபடலாம்’ என வரையறுக்கிறது. இவ்வரம்பே பொறுதி. பட்டறையில் ‘டாலரன்ஸ்’ என்பர். பொறுத்துக்கொள்ளத்தக்க அளவு என்பதால் இப்பெயர் மிகவும் பொருந்துகிறது.

பன்னாட்டுத் தர முறையில் துளையின் வரம்பைப் பெரிய ஆங்கில எழுத்தாலும் தண்டின் வரம்பைச் சிறிய எழுத்தாலும் குறிப்பர். எழுத்தை அடுத்த எண் நுண்மையின் தரத்தைக் காட்டும். 25 மி.மீ. அளவுள்ள ‘எச்7’ துளை 25.000 முதல் 25.021 மி.மீ. வரை இருக்கலாம். இத்துளையோடு சேரும் தண்டை மாற்றுவதால் மூவகைப் பொருத்தம் பெறலாம்.

முதலாவது, இடைவெளிப் பொருத்தம். ‘ஜி6’ தண்டு 24.980 முதல் 24.993 மி.மீ. வரை இருக்கும். தண்டு எப்போதும் துளையினும் சிறியது. இடைவெளி 7 முதல் 41 மைக்ரோமீட்டர் வரை அமையும். 1 மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர். எண்ணெய்ப் படலம் நின்று, தண்டு தடையின்றி வழுக்கி இயங்கும் இடங்களுக்கு இஃது உரியது.

இரண்டாவது, இறுக்கப் பொருத்தம். ‘பி6’ தண்டு 25.022 முதல் 25.035 மி.மீ. வரை இருக்கும். தண்டு எப்போதும் துளையினும் பெரியது. அழுத்தியோ துளையைச் சூடேற்றியோதான் இதனைச் செலுத்த இயலும். ஒருமுறை அமர்ந்தால் ஆணியின்றியே நிலைத்து நிற்கும்.

மூன்றாவது, இடைநிலைப் பொருத்தம். ‘கே6’ தண்டு 25.002 முதல் 25.015 மி.மீ. வரை இருக்கும். கிடைக்கும் இணையைப் பொறுத்துச் சிறு இடைவெளியோ சிறு இறுக்கமோ அமையலாம். அசையாமல் நடுவில் நிற்கவும் வேண்டும், தேவையானபோது கழற்றவும் வேண்டும் என்னும் இடங்களுக்கு இது பயன்படும்.

இவ்வறிவு உழவரின் கிணற்றடியில் எவ்வாறு பயன்படுகிறது? 6205 என்னும் எண்ணுள்ள குண்டுத்தாங்கியை எடுத்துக்கொள்வோம். ‘பேரிங்’ என நாம் வழங்கும் இதன் உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 52 மி.மீ., அகலம் 15 மி.மீ. உலகில் எந்நாட்டில் செய்தாலும் இவ்வளவுகள் மாறா. பொதுத்தரத் தாங்கியின் உள்துளை 25 மி.மீட்டருக்கு மேற்படாது, 10 மைக்ரோமீட்டர் வரை குறையலாம். ‘கே6’ தண்டில் இதனை ஏற்றினால் 2 முதல் 25 மைக்ரோமீட்டர் வரை இறுக்கம் கிடைக்கும். தண்டோடு உள்வளையமும் சேர்ந்து சுழல இவ்விறுக்கம் வேண்டும். நிலையாக நிற்கும் வெளிவளையமோ உறையின் துளையில் சற்றே தளர்வாக அமர்ந்தால் போதும்.

தண்டைச் சிறிது மிகையாகக் கடைந்துவிட்டால் உள்வளையம் விரிந்து, குண்டுகள் நெருக்குண்டு சூடேறும். சிறிது குறையாகக் கடைந்துவிட்டால் வளையம் தண்டின்மேல் வழுக்கிச் சுழன்று அதனைத் தேய்க்கும், தண்டு தள்ளாடும், மின்னோடியின் சுழலும் பகுதி நிற்கும் பகுதியை உரசும். கோடையில் பயிர் வாடும் நாளில் பம்பு நின்றுபோவதற்கு இருபது மைக்ரோமீட்டர் பிழையே போதும். மாறாக, வரம்புகளைக் காத்துச் செய்த பம்பில் தாங்கி தேய்ந்தால் தாராபுரத்துக் கடையில் வாங்கிய 6205 தாங்கி அப்படியே சென்று அமரும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க இயலும் இத்தன்மையே ‘மாற்றுப்பொருந்துமை’. பெருந்தொழில்கள் அனைத்தும் இதன்மேல் நிற்கின்றன.

பொறுதி குறையக் குறையச் செலவு ஏறும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. வாயிற்கதவின் கீலுக்கு மைக்ரோமீட்டர் நுண்மை தேவையில்லை. எங்கே நுண்மை வேண்டும், எங்கே வேண்டாம் எனப் பகுத்தறிவதே வடிவமைப்பாளரின் திறன்.

அளவும் வெயிலும்

நீள அளவுகளுக்குரிய பன்னாட்டு அடிப்படை வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். நம் ஊர்க் கோடையில் பட்டறை 38 பாகையை எட்டும். 100 மி.மீ. எஃகுத்துண்டு இவ்வேறுபாட்டில் ஏறத்தாழ 21 மைக்ரோமீட்டர் நீளும். பொருளும் எஃகு அளவுகருவியும் ஒரே சூட்டில் இருந்தால் இரண்டும் ஒருசேர நீள்வதால் பிழை பெரும்பாலும் நீங்கிவிடும். கடைந்த சூட்டோடு உறுப்பை எடுத்து, நிழலில் இருந்த கருவியால் அளந்தால் பிழை நேரும். சற்றே ஆறவிட்டு அளப்பது சோம்பலன்று, தொழில் ஒழுக்கம்.

இதே வெப்பம் நமக்கு உதவியும் செய்யும். 25 மி.மீ. துளையுள்ள தாங்கியை 30 பாகையிலிருந்து 110 பாகைக்குச் சூடேற்றினால் துளை ஏறத்தாழ 24 மைக்ரோமீட்டர் விரியும். சுத்தியல் அடியின்றியே அது தண்டில் ஏறும். ஆறியபின் இறுகப் பற்றும்.

உழைப்போர் நலம்

வார்ப்பகத்தின் சிறப்பைப் பேசுவோர் அதன் இடர்களையும் பேசுதல் கடன். நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகும். ஈரமான கரண்டியிலோ, நீர் தேங்கிய குழியிலோ உருகிய இரும்பு விழுந்தால் அந்நீர் நொடியில் ஆவியாகி இரும்பைச் சிதறடிக்கும். கரண்டிகளை முன்னரே சூடேற்றி உலர்த்துவதும், கண்ணாடி, காலணி, தோலுறை அணிவதும் உயிர்காக்கும் முறைகள்.

சிலிக்கா மணலின் நுண்தூசி கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துச் சிலிக்கோசிஸ் என்னும் நோயாக வெளிப்படும். அந்நோய் வந்தபின் நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொணர இயலாது. வருமுன் காத்தலே வழி. தூசியை உறிஞ்சும் அமைப்பும் தரமான முகக்கவசமும் செலவாகக் கருதப்படாமல், வார்ப்பின் இன்றியமையாத உறுப்பாகக் கருதப்பட வேண்டும். பொறிக்குப் பொறுதி வரையறுக்கும் நாம், அதனைச் செய்யும் உடலுக்கும் வரம்பு உண்டு என்பதை மறத்தலாகாது.

நமக்குள்ள பணி

திருப்பூரின் வட்டப் பின்னல் பொறிகளுள் பல, ஜெர்மனி, ஜப்பான், தைவான் முதலிய நாடுகளிலிருந்து வருவன. பொறியின் கால்களையும் சட்டங்களையும் வார்க்கும் ஆற்றல் நம்மிடம் நெடுங்காலமாக உண்டு. ஆயினும், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காடிகளை ஒன்றுபோல் வெட்டி, அவ்வளவைப் பல்லாண்டு தேயாமல் காக்கும் உருளையும், ஒவ்வோர் ஊசியும் மற்றொன்றைப்போல் அமையும் ஒழுங்கும் மைக்ரோமீட்டர்களின் உலகைச் சேர்ந்தவை. பொறியை விலைக்கு வாங்குவோர்க்கும் அதனைப் படைப்போர்க்கும் இடையிலுள்ள தொலைவு அந்நுண்ணளவுகளால் ஆனது.

நூற்பாலையின் உடைந்த உறுப்பைப் பார்த்து வார்க்கத் தொடங்கிய தலைமுறை, மின்னோடியையும் நூற்பாலைப் பொறியையும் படைத்துக் காட்டியது. அடுத்த தொலைவைக் கடப்பது இன்று கற்போர் கையில் உள்ளது. மணலின் ஈரம், இரும்பின் சூடு, உளியின் கூர், அளவியின் கோடு ஆகிய நான்கையும் மதிக்கும் கைகளுக்கே அது வாய்க்கும்.

சொல்லும் பொருளும்

குகை – உலோகத்தை உருக்கும் மட்கலம். துருத்தி – உலைக்குக் காற்றூதும் கருவி. கம்மியர் – கைவினைஞர். கவலை – மாடு பூட்டி நீரிறைக்கும் அமைப்பு. பொறுதி – ஏற்கத்தக்க வேறுபாட்டின் வரம்பு. காடி – நீண்ட பள்ளம்.

இலக்கணக் குறிப்பு

உருகிய இரும்பு – பெயரெச்சம்
இரும்பும் எஃகும் – எண்ணும்மை
வெற்றிடம் – பண்புத்தொகை
சுடுமண் – வினைத்தொகை
தேயாமல் – எதிர்மறை வினையெச்சம்

பகுபத உறுப்பிலக்கணம்

அழைத்தனர் – அழை + த் + த் + அன் + அர்
அழை – பகுதி. த் – சந்தி. த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள பட்டறை ஒன்றில் வழங்கும் கருவிப் பெயர்களைத் தொகுத்து, அவற்றைத் தமிழ்ச்சொற்கள், பிறமொழிச்சொற்கள் என வகைப்படுத்துக.
2. மிதிவண்டியின் உறுப்புகளை உற்றுநோக்கி, எவை தளர்வாகவும் எவை இறுக்கமாகவும் பொருந்தியுள்ளன எனக் குறிப்பெழுதி வகுப்பில் கலந்துரையாடுக.

பயிற்சி

பலவுள் தெரிக

1. 200 மி.மீ. நீளமுள்ள சாம்பல்நிற வார்ப்பைப் பெறுவதற்கு, சுருக்கத்தை மட்டும் கருத்திற்கொண்டால், படிவத்தின் நீளம்
அ) 198 மி.மீ. ஆ) 200 மி.மீ. இ) 202 மி.மீ. ஈ) 220 மி.மீ.

2. வார்ப்பினுள் குடைவை உண்டாக்க அச்சின் நடுவே வைக்கப்படுவது
அ) ரைசர் ஆ) உட்கரு இ) மேற்பெட்டி ஈ) துருத்தி

3. தண்டு எப்போதும் துளையினும் பெரிதாக அமைவது
அ) இடைவெளிப் பொருத்தம் ஆ) இடைநிலைப் பொருத்தம் இ) இறுக்கப் பொருத்தம் ஈ) இவற்றுள் எதுவுமன்று

குறுவினா

1. படிவம் செய்யும் தச்சர் தனி அளவுகோலைக் கையாள்வது ஏன்?
2. பொறுதி என்றால் என்ன?
3. பொறிகளின் படுகைகளை வார்ப்பிரும்பால் செய்வதன் காரணங்கள் இரண்டு கூறுக.

சிறுவினா

1. சுவாமிமலைப் படிமவார்ப்பையும் பம்பு உறை வார்ப்பையும் ஒப்பிடுக.
2. மூவகைப் பொருத்தங்களை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. கடைந்த சூட்டோடு உறுப்பை அளத்தல் ஏன் தவறாகும்?

நெடுவினா

1. நூற்பாலையும் கிணறும் கொங்குப் பகுதியின் பொறித்தொழிலை வளர்த்த வரலாற்றைத் தொகுத்து எழுதுக.
2. ‘பொறிக்குப் பொறுதி வரையறுக்கும் நாம், அதனைச் செய்யும் உடலுக்கும் வரம்பு உண்டு என்பதை மறத்தலாகாது’ – இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.